எருக்கிலையில் தொடங்கிய எவர்சில்வர்

கல்யாணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் பலர் கையோடு சீர்ப்பாத்திரமும் வாங்கிப் போவார்கள். செவிலிமேட்டில் தறி ஓடும் வீட்டிலும் குடம் முதல் டபரா வரை எவர்சில்வர்தான். அதில் மணப்பெண்ணின் பெயரை வெட்டும்போது, துருவைத் தடுக்கும் மேற்படலமும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. ஆனாலும் எழுத்து துருப்பிடிப்பதில்லை. உள்ளே இருக்கும் குரோமியம், காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் புதுப் படலம் போட்டுக்கொள்கிறது.

இந்த உலோகம் பிறந்தது ஐரோப்பாவில். அதன் கதை தொடங்குவது மட்டும் நம் பக்கத்து மண் மூசையில்.

நொய்யல் கரையின் கொடுமணலிலும் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மூசைக்குள் வைத்து, மண்ணால் மூடி, உலையில் ஏற்றினார்கள். கரி இரும்பில் ஏறி எஃகானது. அது கப்பலேறிப் பாரசீகம், அரேபியா வரை போய் வாளானது. அளவான சூட்டில் அடித்து, அமிலம் தடவினால் அலையலையாகக் கோலம் தெரியும். எஃகின் உள்ளமைப்பு வெறுங்கண்ணுக்கே தெரிந்த அபூர்வக் காட்சி அது.

அந்தக் கோலத்தின் மேல் ஆசைப்பட்டவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்திய எஃகை ஆராய்ந்தார். நகலெடுக்கப் பார்த்து, பிளாட்டினம், வெள்ளி, குரோமியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எஃகில் கலந்தார். ரகசியம் பிடிபடவில்லை, கலப்பு எஃகு என்ற துறைதான் பிறந்தது. ஃபாரடேயின் ஆய்வைப் படித்த பிரெஞ்சுக்காரர் பியர் பெர்த்தியே, 1821-இல் குரோமிய எஃகு அமிலத்துக்கு அசையாததைக் கவனித்தார். ஆனால் அவருடைய எஃகில் கரி அதிகம், தட்டினால் உடைந்தது.

இதற்கிடையே ஜோசையா ஹீத் என்ற சென்னை மாகாண அதிகாரி, சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். 1839-இல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் சேர்மானத்தைத் தனித்தனியாக மூசையில் போட்டு, காப்புரிமையை ஒதுக்கிவிட்டு லாபம் பார்த்தார்கள். வழக்கு முடியும் முன்பே, 1851-இல், ஹீத் இறந்துபோனார். அந்த மாங்கனீஸ் மறுபடியும் வரும்.

1892-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு, கடுமையான கந்தக அமிலத்தில் சோதித்துவிட்டு, குரோமியம் எஃகுக்குக் கெடுதல் என்று எழுதினார். பெரிய மனிதர் சொன்னதால் அந்தத் தவறு கொஞ்சகாலம் நிலைத்தது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரெயர்லி, துப்பாக்கிக் குழலுக்காகச் செய்த எஃகின் நுண்ணமைப்பைப் பார்க்க அமிலம் தடவினார், எஃகு மசியவில்லை. நம் எஃகு அமிலத்தில் கோலம் காட்டிப் பேர் வாங்கியது; இது காட்ட மறுத்துப் பேர் வாங்கியது. முந்தின வருடமே ஜெர்மனியின் குருப் ஆலையில் நிக்கலும் சேர்த்த எஃகு வந்துவிட்டது. 1924-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்கொண்ட வேறொருவர், டபிள்யூ. ஹெச். ஹாட்ஃபீல்டு, 18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல் என்ற கணக்குக்கு வந்தார். நம் டபராவின் ஜாதகம் அதுதான்.

கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளூர் இரும்புக்கல்லை உருக்கும் கனவோடு பேசப்பட்ட ஆலை, கடைசியில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக நிலைத்தது. குளிர்ந்த நிலையில் உருட்டினால் உலோகத்தின் படிகமணிகள் நசுங்கி நீள்கின்றன, தகடு விறைத்துவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென ஆற்றினால் புது மணிகள் பிறந்து மறுபடி இளகும். மெதுவாக ஆறவிட்டால் கரியும் குரோமியமும் மணிகளின் எல்லையில் கூடிவிடும்; அதை ஒட்டிய இடத்தில் குரோமியம் குறைந்துபோய்த் துரு நுழையும். சூட்டில் படிந்த கருப்பை அமிலத்தொட்டி எடுத்துவிடும்.

பாத்திரக்கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. நிக்கல் எஃகு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் தகட்டை அழுத்திக் குடமாக இழுக்கும்போது, அதிகம் இழுபட்ட இடத்தில் ஆஸ்டெனைட் என்ற காந்தம் ஒட்டாத படிக அமைப்பு, ஒட்டக்கூடிய மார்ட்டென்சைட்டாக மாறும்; அங்கே லேசாக ஒட்டும். நல்ல சரக்கைப் போலி என்று திருப்பித் தருபவர்கள் உண்டு. போலியோ ஒட்டாமலே தப்பிவிடும்! நிக்கல் விலைக்குப் பயந்து மாங்கனீஸை ஏற்றிய மலிவு ரகமும் அதே ஆஸ்டெனைட்தான். உப்பும் புளியும் பட்டால் புள்ளி விழுவதில்தான் அதன் குணம் தெரியும். ஹீத் கைக்காசு இழந்த உலோகம், இப்போது இப்படிச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

காந்தத்தில் நன்றாக ஒட்டும் மூன்றாவது வகையும் உண்டு. நிக்கலே இல்லாத ஃபெரிட்டிக் எஃகு. 1992 முதல் ஒரு ரூபாய் நாணயம் அதில்தான் வருகிறது. அதற்கான வட்டத் தகடுகளைச் சேலம் உருக்காலையும் வெட்டிக் கொடுக்கிறது.