துள்ளலை அடக்கிய எண்ணெய்

ஸ்பிரிங்குக்கு அமுங்கத் தெரியும், நிமிரத் தெரியும். ஓய்ந்து நிற்கத் தெரியாது. வாங்கிய விசையை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். 1984-இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற ரிமோட் பக்கியை மண் தரையில் ஓட்டியவர்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள். அதன் பின்சக்கரங்கள் இரண்டும் கியர்பாக்ஸோடு ஒட்டி, ஒரே துண்டாக ஏறி இறங்கும். தாங்குவதற்கு இரண்டு சுருள் ஸ்பிரிங், அவ்வளவுதான். சின்ன மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் மறுபடி மறுபடி எம்பும். எம்பும் நேரமெல்லாம் டயர் மண்ணில் இல்லை. மண்ணில் இல்லாத டயரால் வண்டியைத் தள்ளவும் முடியாது, திருப்பத்தில் பிடித்து நிறுத்தவும் முடியாது.

அந்தத் துள்ளலை அடக்கும் ஆயில் டேம்பர் அப்போது புதிதல்ல. 1979-இலேயே டாமியாவின் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் வண்டிகளில் அது வந்துவிட்டது. ஃபுமிடோ டாகி வடிவமைத்த அந்த வண்டிகள், பாலைவனத்தில் ஓடிய நிஜமான வோக்ஸ்வாகன் பந்தய வண்டிகளைப் பார்த்துச் செய்தவை. முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள்கூட பீட்டில் காரில் இருப்பது போலவே. உலோகம் நிறைய, விலையும் அதிகம். கிராஸ்ஹாப்பர் முதன்முதலாக ஓட்டப் பழகுபவர்களுக்கானது. விலையைக் குறைக்க வேண்டியிருந்தது, எண்ணெய் போனது. அதே ஆண்டு வந்த ஹார்னெட், ஏறக்குறைய அதே சேஸிஸ்தான். ஆனால் 380 மோட்டாருக்குப் பதில் அதைவிடப் பெரிய 540 மோட்டார், பின்பக்கம் ஆயில் டேம்பர். கிராஸ்ஹாப்பர் வைத்திருந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது: ஹார்னெட்டின் பின்பக்கப் பாகங்களை வாங்கித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். ரிமோட் கார் உலகில் இன்றுவரை நடக்கும் சஸ்பென்ஷன் மேம்பாட்டின் அடிப்படைப் பாடம் அந்த ஒரு மாற்றத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

டேம்பர் பாக்கெட்டில் வரும்போது அது வெறும் உதிரிதான். ஒரு குழாய், ஒரு மெல்லிய எஃகுத் தண்டு, ஓட்டை போட்ட பொத்தான் அளவு பிஸ்டன், ஓ-ரிங், ரப்பர் சவ்வு, மூடி. பூட்டுபவரின் கையில்தான் அது டேம்பராகிறது. முதல் ஆபத்தும் அங்கேதான். தண்டின் நுனியில், வண்டியோடு மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தைத் திருகும்போது தண்டை வெறும் இடுக்கியால் பிடித்தால் மேலே நுண்ணிய கீறல் விழும். விரலால் தடவினாலே நெருடும். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஓ-ரிங்கை அறுக்கும், எண்ணெய் கசியும். தண்டைத் துணியோ ரப்பரோ சுற்றிப் பிடிக்க வேண்டும்.

பிறகு எண்ணெய். தண்டைக் கீழே இழுத்துவிட்டு, சிலிக்கான் ஆயிலை விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். குமிழிகள் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக மேலே வரும். அவசரப்பட்டால் பெரிய குமிழி உடைந்து நூறு சிறு குமிழியாகிவிடும். அப்படியே நிமிர்த்தி வைத்துக் காத்திருப்பதுதான் நல்லது. எல்லாம் அடங்கியதும் சவ்வை வைத்து மூடியைத் திருகினால் மிஞ்சிய எண்ணெய் வழியும்.

சவ்வு எதற்கு? தண்டு உள்ளே நுழையும்போது அதன் பருமன் அளவுக்கு இடம் வேண்டும். எண்ணெய் அமுங்காது. சவ்வு வளைந்து அந்த இடத்தைக் கொடுக்கிறது. சவ்வுக்குக் கீழே காற்று மாட்டிக்கொண்டால் அது ஓட்டைகளில் எண்ணெயோடு கலந்து, அழுத்தும்போது ‘புளிச் புளிச்’ என்று சத்தம் வரும். அந்த டேம்பர் பாதி தூரம் வேலை செய்யாது. பூட்டி முடித்ததும் இடது, வலது இரண்டையும் ஒன்றாக அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்: இரண்டு தண்டுகளும் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும்.

உள்ளே நடப்பது எளிமையானது, அழகானது. சக்கரம் ஏறும்போது பிஸ்டனின் சிறு ஓட்டைகள் வழியாக எண்ணெய் நெரிந்து போகிறது. அசைவின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகக் கரைகிறது. ஓட்டை சிறிதானாலும் எண்ணெய் கெட்டியானாலும் டேம்பர் இறுகும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மெதுவான அசைவுக்கு எண்ணெயின் கெட்டித்தன்மை பேசும். குதித்து விழும் திடீர் வேகத்தில் ஓட்டையின் அளவு பேசும். பத்தில் ஒரு பங்கு அளவிலான வண்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, அளவில் பார்த்தால், நிஜக் கார் ஐந்து மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். ஆகவே இந்தக் குட்டிக் குழாயிடம் கேட்பது கொஞ்சமல்ல. எண்ணெயை ‘வெயிட்’ கணக்கில் விற்பார்கள். கெட்டித்தன்மையின் முறையான அலகு சென்டிஸ்டோக்ஸ்; 30 வெயிட் என்பது சுமார் 350 சென்டிஸ்டோக்ஸ். வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் சென்டிஸ்டோக்ஸைப் பார்த்து வாங்குவதே சரி. வெயிலில் சிலிக்கான் ஆயிலும் சற்று இளகும். பந்தயக்காரர்கள் கோடையில் ஒரு படி கெட்டியான எண்ணெய்க்கு மாறுவது அதனால்தான்.

அதே 1984-இல் கலிஃபோர்னியாவில் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி-10 வந்தது. ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்தது. பொன்னிற அலுமினிய சேஸிஸ், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அலுமினிய ஆயில் டேம்பர். பொம்மை வண்டி என்ற பேச்சை அது முடித்துவைத்தது. அதற்குப் பிறகு பளபளக்கும் அலுமினியமே மேம்பாடு என்ற எண்ணமும் பரவியது. டேம்பர் உடலுக்கு அது பொருந்தும்: திருகுவரி தேயாது, குழாய் உப்பாது. சக்கரத்தைத் தாங்கும் கைகளுக்குப் பொருந்தாது. நைலான் கை அடிபட்டால் வளைந்து மீளும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அடி முழுவதும் அதைப் பிடித்திருக்கும் சேஸிஸ் பகுதிக்குப் போகும். மலிவான கையைக் காப்பாற்றி, கழற்றவே அரைநாள் ஆகும் பாகத்தை உடைத்துக்கொள்வது நல்ல பேரம் இல்லை.

டேம்பரின் ஆயுளில் உடல் கடைசியில்தான் போகும். முதலில் போவது எண்ணெய். ஊற்றும்போது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, ஓட ஓடச் சாம்பல் நிறமாகும். தேய்ந்த துகளும் ஓ-ரிங் தாண்டி நுழைந்த தூசியும் அதில் கலந்திருக்கும். அடுத்து ஓ-ரிங், பிறகு சவ்வு. இவை மூன்றையும் மாற்றினால் பழைய டேம்பர் மறுபடி புதிதாக வேலை செய்யும். கிராஸ்ஹாப்பரை டாமியா 2005-இல் மீண்டும் வெளியிட்டது. பின்பக்கம் பழையபடி ஸ்பிரிங் மட்டும்தான். வாங்கியவர்களில் பலர் பெட்டியோடு சேர்த்தே ஆயில் டேம்பருக்கும் சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் அடங்கியதும் அவர்கள் கண் அடுத்து முன்பக்கம் போகும். அங்கேயும் எண்ணெய் கிடையாது.