ஈரம் காய்வதற்குள்

மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்கள் அதிகம் இல்லை. மானாவாரிக் காட்டில் அந்த ஈரம் காய்வதற்குள் ஏர் பூட்டியாக வேண்டும். பட்டியில் மாடுகள் பல நிற்கலாம். உழவன் எல்லாவற்றையும் ஒரே பார்வையாகப் பார்ப்பதில்லை. திமிலைப் பார்க்கிறான், குளம்பைப் பார்க்கிறான், போன மழைக்கு எது பாதிச் சாலில் படுத்துக்கொண்டது என்று நினைத்துப் பார்க்கிறான், எதை வலத்தில் பூட்டுவது, எதற்கு எது இணை என்று ஒவ்வொன்றாகத் தேர்கிறான். புறநானூற்றின் 289ஆம் பாட்டில் கழாத்தலையார் எடுத்துக்கொள்ளும் உவமை இந்த உழவன்தான். ஈரப்பதம் வாய்த்த நேரத்தில் பல எருதுகளுக்குள் நல்ல எருதைத் தேடி ஆராயும் உழவனைப்போல, ஒரு தலைவன் தன் மறவர்களை ஆராய்கிறான். எல்லாரும் பழங்குடியில் பிறந்தவர்கள், எல்லாரும் பெருமை உடையவர்கள். இருந்தும் தனக்கென்று முகந்து ஏந்திய பொற்கலத்தை ‘இவனுக்குக் கொடு’ என்று ஒருவனைக் காட்டிச் சொல்கிறான். போர் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, கூட்டத்தின் நடுவில், யார் முதல் ஆள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஓர் அணியில் யார் முக்கியமானவர், அவருக்கு அடுத்தவர் யார் என்று வரிசைப்படுத்தும் பழக்கத்தைப் புதிய விளையாட்டுலகத்தின் சொத்தாகவே நாம் எண்ணுகிறோம். அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தில் அது ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. ஆகஸ்ட் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஒவ்வொரு கல்லூரி அணிக்கும் முதல் பத்துப் பேர், முதல் இருபத்தைந்து பேர் என்று பட்டியல்கள் வந்துவிடும். ஆனால் அங்கும் இது பிறகு வந்த பழக்கம்தான். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் என்ற முதல் பட்டியல் 1889இல், ஆட்டமெல்லாம் முடிந்தபின் பாராட்டாக வெளிவந்தது. அசோசியேட்டட் பிரஸ் அணிகளைத் தொடர்ந்து வரிசைப்படுத்தத் தொடங்கியது 1936இல். ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே வரிசை சொல்வதை அது 1950இல்தான் ஏற்றுக்கொண்டது. முடிந்தபின் போடும் வரிசைக்கும் தொடங்குமுன் போடும் வரிசைக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முதலாவது புகழைப் பங்கிட்டுத் தருகிறது. இரண்டாவது ஓர் இழப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறது: இந்த ஆள் இல்லாமல் போனால் இந்த அணி என்னாகும்? கொல்லிமலையின் பழைய வரலாறு நமக்கு முழுக்க முழுக்க முதல் வகைப் பட்டியல்கள் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அதை இரண்டாம் வகைக் கேள்வியால் திரும்பப் படித்தால்தான் அந்த மலையை ஆண்ட ஓரியின் உண்மையான இடம் தெரியும் என்பது என் வாதம்.

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறோமே, அந்த ஏழு பெயர்களுக்கு நிலையான வரிசை கிடையாது. புறநானூறு 158இல் பெருஞ்சித்திரனார் பாரியில் தொடங்குகிறார். இரண்டாவதாகவே கொல்லியை ஆண்ட ஓரி வந்துவிடுகிறான். காரி, எழினி என்னும் அதிகன், பேகன், ஆய், நள்ளி என்று பட்டியல் முடிகிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பேகனில் தொடங்கி, பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி என்று வந்து ஓரியைக் கடைசியில் நிறுத்துகிறார். ஒரே மலை, ஒரே மனிதன். ஓர் ஏட்டில் இரண்டாம் இடம், இன்னோர் ஏட்டில் ஏழாம் இடம். இதை யாப்பின் வசதி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இரண்டு பட்டியல்களும் எதற்காகப் போடப்பட்டன என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெருஞ்சித்திரனார் ஏழு பேரும் மாய்ந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் குமணனிடம் வந்து நிற்கிறார். நத்தத்தனார் அந்த ஏழு பேரும் சேர்ந்து சுமந்த கொடை என்னும் நுகத்தை நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்கிறார். ஆக, இரண்டும் எட்டாவது ஆளுக்காகப் போட்ட பட்டியல்கள். அளந்தது பாணரும் புலவரும், அளவுகோல் கொடை. ஏழு பேரில் யார் இல்லாமல் போனால் யாருடைய நாடு கவிழும் என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல. அவர்கள் பசியோடு வழி நடந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை.

அந்தக் கேள்வியை இப்போது கொல்லியில் வைத்துக் கேட்போம். ஓரியைப் பற்றி நாம் முதலில் அறிவது அவன் அம்பு. புறநானூறு 152இல் வன்பரணர் சொல்லும் வேட்டையில், எய்த ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. பெரிய விலங்கில் தொடங்கிச் சிறிய உயிரில் முடியும் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அம்பின் வேகம் குறையக் குறைய இலக்கும் சிறுத்துக்கொண்டே போகிறது. புலவர் அறிந்தே அடுக்கியிருக்கிறார். ஓர் அம்பு ஐந்து உடல்களைத் துளைக்குமா, இது புகழ்ச்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. புகழ்ச்சிதான். என் வாதத்துக்கு அந்த அம்பு தேவையில்லை. தேவைப்படுவது, புகழ்வதற்காகச் சொல்லப்படாத இரண்டு செய்திகள். அகநானூறு 209இல் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறார். நற்றிணை 320இல் கபிலர், ஓரியைக் கொன்றபின் காரி அவனுடைய ஊரின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரொலியைச் சொல்கிறார். இரண்டுமே காதல் பாட்டுகளில் உவமையாகவும் அடையாகவும் போகிற போக்கில் வருபவை. யாரையும் உயர்த்துவதற்காக அவை சொல்லப்படவில்லை. கேட்பவருக்கு முன்பே தெரிந்த நிகழ்ச்சி என்பதால்தான் உவமையாக நிற்க முடிந்தது. அவை காட்டும் காட்சியில் ஓரி விழுகிறான், பகைவன் தெருவுக்குள் வந்துவிடுகிறான், மலை கைமாறுகிறது. நடுவில் இன்னொருவன் பெயர் இல்லை. தம்பியோ மகனோ படைத்தலைவனோ காரியை அந்தத் தெருவின் முனையில் நிறுத்தியதாக ஒரு சொல் இல்லை. பாணர்களின் ஒரு பட்டியலில் ஏழாவதாக நின்றவன், கொல்லி தனக்கென்று போட்டிருக்கக்கூடிய பட்டியலில் முதல் ஆள். அவனுக்குக் கீழே நெடுந்தூரம் வெற்றிடம்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழில் வரிசை என்பது தகுதிக்கேற்பப் பரிசு தருவதைக் குறித்த சொல்; அதை அணித் தேர்வோடு ஒட்டுவது இன்றைய விளையாட்டுப் பக்கத்தைப் பழைய ஏட்டில் செருகுவதாகாதா? சொல் பெரும்பாலும் பரிசிலைச் சுற்றியே வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை மிகக் கூர்மையாக ஆண்டவர் யாரிடம் ஆண்டார் என்று பாருங்கள். புறநானூறு 121இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் பேசுகிறார். ஒருவனை நினைத்து நாலு திசையிலிருந்தும் இரவலர் வருவார்கள். அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தரம் அறிவதுதான் கடினம். ஆகவே புலவர்களை எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். அறிவுரை கேட்டுக்கொண்டவன் ஓரியைக் கொன்ற அதே காரி. ஓரியின் தெருவில் எழுந்த ஒலியைப் பதிவு செய்தவர் அதே கபிலர். பொதுநோக்கு ஓர் ஆள்வோனுக்குக் குறை என்பது அக்காலத்தின் தெளிவான எண்ணம். கொடைக்கு ஒன்று, படைக்கு ஒன்று என்று அவர்கள் பிரித்து வைத்ததாகத் தெரியவில்லை. கழாத்தலையாரின் உழவன் உவமை வருவதும் பாசறைக்குள்தான். ஏனாதி என்று பட்டம் கட்டிப் படைத்தலைவனைத் தனியே நிறுத்தியதும் இதே மண்ணில் நடந்ததுதான்.

பெயர் இல்லாதவர்களைப் பற்றிய மறுப்பு இதைவிட ஆழமானது. ஒருவனை முதலில் நிறுத்துகிற எந்தப் பட்டியலும் மற்றவர்களை அழிக்கிறது. ஓரியின் வில்லுக்கு மூங்கில் வெட்டியவன், கணைக்கு முனை வடித்த கொல்லன், மலையடிவாரத்தில் முதலில் பகைவரைக் கண்டு கூவியவன் எல்லாரும் இப்படித்தான் மறைந்தார்கள் என்று சொல்லலாம். இது உண்மை. ஆனால் இந்தக் குறை புகழால் அளக்கும் பட்டியலுடையது. இல்லாமையால் அளக்கும் பட்டியல் பெயரற்றவர்களைத்தான் தேடிப் போகும். கபடியில் கைத்தட்டல் ரைடருக்கு. ஆனால் ஒரு பயிற்சியாளரிடம் யார் காயப்பட்டால் உங்களுக்குத் தூக்கம் போகும் என்று கேட்டால், பல அணிகளில் அவர் சொல்லும் பெயர் மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரருடையதாக இருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் குவாட்டர்பேக் ஜோ தீஸ்மன் தாக்கப்பட்டுக் கால் முறிந்து, அதோடு ஆட்ட வாழ்வும் முடிந்தது. பந்தெறிபவரின் பார்வைக்குப் படாத பக்கத்தைக் காத்து நிற்கும் இடது டேக்கிள் என்ற ஆளை அதுவரை ரசிகர்கள் அதிகம் கண்டுகொண்டதில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் மிக அதிகச் சம்பளம் வாங்குவோர் வரிசையில் அந்த இடம் ஏறிக்கொண்டது. ஆள் மாறவில்லை, வேலை மாறவில்லை, அளவுகோல் மாறியது. நம் புலவர்களும் ஒரே ஓர் இடத்தில் இந்த அளவுகோலுக்கு அருகில் வந்திருக்கிறார்கள். நத்தத்தனார் காரிக்கும் ஓரிக்கும் நடந்த போரைச் சொல்லும்போது காரி என்னும் குதிரையை உடைய காரி, ஓரி என்னும் குதிரையை உடைய ஓரி என்று இரண்டு பேரையும் குதிரையோடு சேர்த்தே சொல்கிறார். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர். வில்லாளி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், அவனைச் சுமந்தது எது என்பதையும் அறிந்திருந்த காலம் அது.

ஓரி மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் இப்படியே வீழ்ந்தார்கள். காரியின் கோவலூரை அதிகமான் அழித்தான். அதிகமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். அந்தச் சேரன் கொல்லிக் கூற்றத்தில் அதிகமானோடு இருபெரு வேந்தரையும் சேர்த்து வென்றான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம். சேரன் பக்கத்தில் பரந்த நாடும், ஒருவன் போனால் அடுத்தவன் வரும் குடியும் இருந்தன. மலைத்தலைவர்களிடம் தாங்களே இருந்தார்கள். ஒற்றை ஆளின் திறமை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அந்த அணி ஆபத்தில் இருக்கிறது என்பதை இந்த மூன்று வீழ்ச்சிகளும் ஒன்றுபோலக் காட்டுகின்றன. ஓரியைப் பாடிய கழைதின் யானையார் புறநானூறு 204இல் இரத்தல், மறுத்தல், கொடுத்தல், கொடுத்ததை ஏற்காமல் விடுதல் என்று செயல்களுக்கே உயர்வு தாழ்வு வகுத்துக் காட்டியவர். அவ்வளவு நுட்பமாகத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் நடமாடிய அவையில், தலைவனுக்கு அடுத்தது யார் என்ற கேள்வியை யாரும் பாட்டில் எழுப்பியதாகக் காணோம். எழுப்பியிருந்தால் ஓரிக்கு அது கசந்திருக்காது என்றே நம்புகிறேன். 152ஆம் பாட்டின்படி, தன் பெயரைச் சொல்லிப் பாடக் கேட்டதும் நாணி நின்றவன் அவன்.

பிற்காலத்தில் கொல்லிமலை ஒரு வில்லாளியின் நாடாக இருக்கவில்லை. காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரின் வழி வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே குடியேறி, மலையைப் பல நாடுகளாக வகுத்துக்கொண்டார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, பெரக்கரை நாடு என்று அந்தப் பெயர்கள் இன்றும் அரசு ஏடுகளிலேயே இருக்கின்றன. நாட்டுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஊருக்கு ஓர் ஊர்க்கவுண்டர் என்று பொறுப்பு பலர் தோளில் இறங்கியது. இவர்களை ஓரியின் குடிகளுடைய தொடர்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய மரபுக்கதையே அதை மறுக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த வள்ளல் பட்டியலிலும் இல்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனால் பெரக்கரை நாட்டில் ஒரு தலைவர் கண் மூடினால் வளப்பூர் நாடு கைமாறாது. ஓரியின் காலத்து மலைக்கு வாய்க்காத பாதுகாப்பு அது. அதைத் தந்தது வில் அன்று, அடுத்த ஆள் யார் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்த ஏற்பாடு.

இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்கு வந்தால் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். ஆடி 17, 18 ஆகிய இரண்டு நாட்கள் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது, விற்போட்டியும் உண்டு. கடலுக்கு அப்பால் கல்லூரி அணிகள் தங்கள் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் அதே ஆகஸ்ட் தொடக்கம்தான் அது. சிலைக்குக் கீழே ஏழு வள்ளல்களில் ஒருவன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கழாத்தலையாரின் பாட்டில் அந்தப் பொற்கலம் கைமாறியதோடு காட்சி முடிவதில்லை. பாணனைப் பார்த்து, இதற்கே வியக்காதே, அதோ கேள் என்கிறார். பாசறையில் தண்ணுமை அறைகிறது. போர்ப்பூ வாங்கிக்கொள்ளும் நாள் இன்றுதான் என்று ஒரு குரல் ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறது.