உப்பு நடைப்பயணத்தின் இடத்தேர்வும் திருவிதாங்கூர்க் கடற்கரையும்

வலியசாலை என்றதும் தமிழாய்வாளர் நினைவில் எழுவது காந்தளூர்ச்சாலையே. திருவனந்தபுரத்தின் இப்பகுதியை அச்சாலையோடு இணைத்துக் காண்போர் பலர். இங்குள்ள தமிழ் அக்கிரகாரத் தெருக்களுக்குச் சில கல் தொலைவில் கடல். தெற்கே, அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த நாஞ்சில் நாட்டில், தாமரைகுளம், புத்தளம் உப்பளங்கள். எனினும் 1930இல் உப்புச் சட்டத்தை மீற விழைந்த இந்நகர் இளைஞர்கள் பொன்னற ஸ்ரீதர் தலைமையில் அணியாக மலபாருக்கே சென்றனர். அருகிலிருந்த உப்பை விடுத்துத் தொலைவிலிருந்த உப்பை நாடியது ஏன்?

உப்பு கிடைக்கும் இடம் என்பது மட்டும் இடத்தேர்வுக்குப் போதவில்லை. காந்தியடிகளின் பயணத்திற்கு முதலில் கேடா மாவட்டத்துப் பதல்பூர் பேசப்பட்டு, பின்னர்ச் சூரத் மாவட்டத்துத் தண்டி முடிவாயிற்று. சபர்மதியிலிருந்து மார்ச் 12ஆம் நாள் புறப்பட்டவர் ஏறத்தாழ 240 மைல் நடந்து ஏப்ரல் 5இல் அங்கே சேர்ந்தார். கடற்கரையினும் இடைவழிச் சிற்றூர்களே அப்பயணத்திற்கு வலுவூட்டின எனலாம்.

தமிழகத்தில் இராஜாஜி வேதாரண்யத்தைத் தேர்ந்ததிலும் இது புலனாகிறது. அங்கே உப்பளம் இருந்தது. உப்பு வணிகரும் காங்கிரசுக்காரருமான வேதரத்தினம் பிள்ளையின் துணையும் இருந்தது. ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியில் தி. சே. சௌ. ராஜன் இல்லத்திலிருந்து தொடங்கிய வழி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என மக்கள் நெருங்கி வாழும் காவிரிப் படுகை ஊடே சென்றது. தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டனர். ஆளரவமற்ற கடற்கரைப் பாதையாயின் இது நிகழ்ந்திராது. அதே ஏப்ரல் 13இல் கேளப்பன் கோழிக்கோட்டிலிருந்து பையனூருக்குப் புறப்பட்டார்.

திருவிதாங்கூருக்கு இத்தகைய இடம் எதுவும் வாய்க்கவில்லை. 1865ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கையின்படி இங்கும் உப்பு விலை பிரிட்டிஷ் இந்திய விலைக்கு இணையாக உயர்த்தப்பட்டிருந்தது. சுமை ஒன்றே, சட்டம் மட்டும் மகாராஜாவின் பெயரால் நடந்தது. சுதேச சமஸ்தானங்களின் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது 1920 முதல் காங்கிரசின் கொள்கை. ஆகவே, சுமை எங்கே அழுத்தியது என்பதன்று, சட்டம் யாருடையது என்பதே இங்கு இடத்தை முடிவு செய்தது. உப்புப் போராட்ட வரலாறுகள் இவ்விடுபாட்டைப் பெரிதாகக் கொள்ளாமை ஒரு குறையே.

எட்டாண்டுகளுக்குப் பின், 1938 அக்டோபர் 23இல், வலியசாலையை அடுத்துள்ள தம்பானூரிலிருந்து அக்கம்மா செறியான் தலைமையில் பெருங்கூட்டம் கவடியார் அரண்மனையை நோக்கி நடந்தது. திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசின் மீதிருந்த தடையை நீக்குதல், சிறையிலிருந்த தலைவர்களை விடுவித்தல் என்பன கோரிக்கைகள். நடந்த தொலைவு தண்டி வழியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் இம்முறை இலக்கு மன்னரின் வாயிலாகவே இருந்தது. சிறையிலிருந்த தலைவர்கள் விடுவிக்கப்பட்டனர்.