தாத்தாவின் காது

"ஊசி போட்டுப் போட்டே காது போச்சுடா" என்பாள் பாட்டி. சாலவாக்கம் வீட்டில் தாத்தாவிடம் எதையும் கத்தித்தான் சொல்லணும். காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டவர். ஊசிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? நான் நம்பவில்லை.

காசநோய்க்கு வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக் அது. 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார். அது தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமை, ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்து பின்னிய, புரதம் செய்யும் இயந்திரம். 2000-இல் அதன் சிறிய பாதியின் வடிவத்தையும், ஸ்ட்ரெப்டோமைசின் அதில் ஒட்டும் இடத்தையும் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு. 2009-இல் அவருக்கு நோபல்.

நம் செல்லின் ரைபோசோம் வேறு மாதிரி, பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் ஒரு பாக்டீரியா. அதன் ரைபோசோமில் பழைய சாயல் இன்னும் உண்டு. அங்கே ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் சாயல் கூடிவிடும், இந்த வகை ஊசி காதைப் பறித்துவிடும் என்பது 1993-இல் தெரியவந்தது. அந்த மாற்றம் தாய்வழியில் மட்டுமே வரும்.

அது இல்லாதவர்களுக்கும் ஊசி நீண்டால் காது போவதுண்டு. தாத்தாவை யாரும் சோதிக்கவில்லை. உயிரைக் கொடுத்த ஊசி என்று அவர் கடைசிவரை அதைத் திட்டவும் இல்லை. ஆனாலும் ஊசியை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "உங்க அம்மா வழியில யாருக்காவது காது போயிருக்கா?"