சுவான்சியின் இரண்டு கதவுகள்

வேல்சில் இல்ஸ்டன் என்ற சிற்றூரில் 1649இல் பாப்டிஸ்ட் சபை ஒன்றைத் தொடங்கியவர் ஜான் மைல்ஸ். மன்னராட்சி திரும்பியதும் போதகர் பதவி பறிபோக, கடல் கடந்தார். சபையின் பதிவேட்டையும் கையோடு எடுத்துப்போனார்.

1663இல் பிளிமத் குடியேற்றத்தின் ரெஹோபோத் ஊரில் ஏழு பேரோடு சபை மீண்டும் கூடியது. ஈசாக்கு வெட்டிய கிணற்றின் பெயர் அது. இடம் உண்டாயிற்று என்று பொருள். இவர்களுக்குத்தான் அங்கே இடமில்லை. அனுமதியின்றிக் கூட்டம் நடத்தியதற்காக 1667இல் நீதிமன்றம் மைல்சுக்கு 5 பவுண்டு அபராதம் விதித்து, வேறிடம் போகச் சொன்னது. அருகிலேயே தனி ஊர் கிடைத்தது. அதற்கு வேல்சில் விட்டுவந்த பட்டணத்தின் பெயரையே வைத்தார்கள்: சுவான்சி. நாம் மட்டும் என்ன செய்கிறோம்?

சபைக் கதவு அகலமானது. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றவர்களையும் ஐக்கியத்தில் சேர்த்தார்கள். வேல்சில் மைல்ஸ் அதற்கு இணங்கியவரல்லர். ஊரின் கதவு வேறு. தவறான கொள்கை உடையவர், சச்சரவு செய்பவர், ஊருக்குச் சுமையாகக்கூடியவர் குடியேறக்கூடாது என்று தாமஸ் வில்லெட் நிபந்தனை முன்வைத்தார். கொள்கைக்காகத் துரத்தப்பட்ட சபையும் சில விளக்கங்களோடு சம்மதித்தது. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அந்தச் சுமைக் கேள்வி இன்றும் உண்டு. நானும் பதில் எழுதியிருக்கிறேன். பிறகு குடிகளை மூன்று தரமாகப் பிரித்தார்கள். நிலப் பங்கீட்டில் முதல் தரத்துக்கு 3 ஏக்கர் என்றால் அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1.

பங்கிட்ட நிலமோ வாம்பனோவாக் மக்களுடையது. 1675 ஜூனில் போர் சுவான்சியில்தான் மூண்டது. மைல்சின் வீடு காவலரணாயிற்று. பாஸ்டனுக்குப் போனவர் சில ஆண்டுகளில் திரும்பி வந்து, 1683இல் இறந்தார். அவர் கொண்டுவந்த பதிவேடு இப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.