ஒத்திகை பார்க்கும் ஸ்கேன்: கல்லீரல் கட்டியும் ஊட்ரம் மருத்துவமனையும்

தேக்காவில் தெரிந்தவர்கள் சந்தித்தால் "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று கேட்பதோடு விஷயம் முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து கருவிகள் ஒளிந்திருக்கின்றன. கல்லீரல் கட்டி என்று வந்துவிட்டால் அவற்றில் ஒன்று மட்டும் போதவே போதாது. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை வைத்துப் பார்க்க மருத்துவர்கள் கற்றுக்கொண்ட வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் கல்லீரலைப் புரிந்துகொள்வோம். அதற்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. அதனால்தான் சாயமருந்தை ஊசியில் ஏற்றிச் சிடி எடுக்கும்போது, தமனியில் சாயம் ஓடும் நேரத்தில் கட்டி பளிச்சென்று தெரிகிறது. சற்று நேரத்தில் சுற்றியுள்ள கல்லீரல் வெளிச்சமாகி, கட்டி மங்கிவிடுகிறது. ஈரல் சுருக்கம் உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாக இருந்தால், பல நேரங்களில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்காமலேயே நோயை உறுதிசெய்ய முடிகிறது. சந்தேகமான சிறிய கட்டிகளுக்கு எம்ஆர்ஐ கைகொடுக்கிறது.

முதல் நோயாளிக்குச் சிடி எடுத்தது 1971இல், லண்டனில். அது உறுப்பின் வடிவத்தைக் காட்டும். அணு மருத்துவப் படம் வேறு வகை: உடலுக்குள் செலுத்திய கதிர்மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும், ஆனால் மங்கலாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாலேயே ஒப்பிட்ட காலம் நீண்டது. மூச்சுவிட்டாலே கல்லீரல் நகரும், பாருங்க! 1990களில் கலிஃபோர்னியாவில் புரூஸ் ஹசேகவா, அணு மருத்துவப் படத்தையும் சிடியையும் ஒரே கருவியில் எடுக்க வழிகண்டார், அதுதான் ஸ்பெக்ட்-சிடி. 1998இல் பிட்ஸ்பர்க்கில் டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் பெட்-சிடியின் முன்மாதிரியை இயக்கினார்கள். டவுன்சென்ட் பின்னாளில் சிங்கப்பூருக்கே வந்து மருத்துவப் படிம ஆய்வு மையம் ஒன்றை வழிநடத்தினார். (கவிதைப் பாடத்தில் நாம் சொல்லும் 'படிமம்' இங்கே வேறு வேலை பார்க்கிறது.)

லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் நான்காவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். சிப்பாய் லைன்ஸ் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட அந்த இடத்தில்தான் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கிறது. அறுவைக்கு உட்படாத கட்டிகளுக்கு அங்கே தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று, இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருளைச் சுமந்த, தலைமுடியைவிட மெல்லிய துகள்களைத் தமனி வழியாகக் கட்டிக்கே அனுப்புவது. இதில் ஓர் ஆபத்து உண்டு. கட்டிக்குள் இருக்கும் குறுக்குவழிகளால் துகள்கள் நுரையீரலுக்குப் போய்விட்டால், அதையே எரித்துவிடும். எனவே முதலில் டெக்னீசியம் கலந்த புரதத் துகள்களை அனுப்பி ஒத்திகை பார்க்கிறார்கள்.

அதன்பின் எவ்வளவு மருந்து? உடல் பருமனை வைத்து அளவு குறிப்பதே பரவலான பழக்கமாக இருந்தது. தையல்காரர்கூடத் தோளையும் இடுப்பையும் தனித்தனியாகத்தானே அளக்கிறார்! கட்டி, நல்ல கல்லீரல், நுரையீரல் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை 1996இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2012இல் ஊட்ரம் மருத்துவர்கள் அதை மேலும் கூர்மையாக்கினார்கள். தமனிக்குள்ளேயே சாயம் செலுத்தி எடுத்த சிடி, எந்தக் கிளை எந்தப் பகுதிக்கு ரத்தம் தருகிறது என்று சொன்னது. ஒத்திகைத் துகள்களின் ஸ்பெக்ட்-சிடி, அவை எங்கே எவ்வளவு தங்கின என்று சொன்னது. இரண்டையும் சேர்த்து, கிளைக்குக் கிளை அளவு குறித்தார்கள்.

பலன்? பேராசிரியர் பியர்ஸ் சௌ தலைமையில் ஆசிய பசிபிக்கின் 11 நாடுகளில் 360 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. சோராஃபெனிப் மாத்திரையைவிட இட்ரியம் ஆயுளைக் கூட்டவில்லை. பக்கவிளைவுகள் மட்டும் குறைந்தன. அதோடு கதை முடிந்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் 2021இல் பிரான்ஸில் 60 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை, இட்ரியத்தை இட்ரியத்தோடேயே ஒப்பிட்டது. வழக்கமான அளவில் பெற்றவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 10.7 மாதம், ஒத்திகைப் படத்தை வைத்துக் கட்டிக்கேற்ப அளவு குறிக்கப்பட்டவர்களுக்கு 26.6 மாதம். இரண்டு சோதனைகளிலும் நோயாளிகளும் துகள்களும் வேறு; மாணவர்கள் இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு எழுத வேண்டாம்.