டெக்கில் போன தாத்தா



போன மாதம் மகள் என்னைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போனாள். குளிர்ந்த காலை. எங்கள் அறையின் பால்கனியில் இருவர் மட்டும். மேசையில் இட்லி, காப்பி. எனக்கு விழுங்க முடியவில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாத்தா பினாங்கு போனது ‘ரஜூலா’வில். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. டெக் பயணிகளுக்கு அறை கிடையாது. திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுக்கை, அங்கேயே சாப்பாடு. பிறகு வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பிடித்ததோடு நாகப்பட்டினம்–மலேசியா கப்பல் பயணமே நின்றுபோனது.

வகுப்பில் ‘மலாயா ரப்பர் தோட்டம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டேன். தாத்தாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் டெக்கில் போன பெரியவர் இருந்தால் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.